காப்பர் கம்பி, ராத்திரி 2 மணி, கேட்காம வந்த அப்டேட்: தூத்துக்குடியின் நெட் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு கணக்கோட ஆரம்பிக்குது. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் நிறுவனம் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ்னு நாலு ஊர்ல பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்து விட்டது. இருந்ததுலேயே பெரும்பாலானவங்க யோசிச்சுப் பார்க்கக்கூடிய கனெக்‌ஷன், வருஷத்துக்கு 250 மணி நேரம், 5,000 ரூபாய். வேகம் 9.6 கேபிபிஎஸ். எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட், அதனால நொடிக்கு 1.2 கேபி. 250 மணி நேரம்னா 9 லட்சம் நொடி. பெருக்கிப் பாருங்க. லைன் ஒரு நொடிகூட அறாம ஓடியிருந்தாலும், 5,000 ரூபாய் கட்டினவருக்கு அந்த வருஷம் முழுக்க வந்திருக்கக்கூடியது சுமார் ஒரு ஜிபி.

சரியா இருபது வருஷம் கழிச்சு, 2015ல, வீட்டுக்காரங்க யாரும் கேட்காமலே கம்ப்யூட்டர்கள் தானா இறக்கி வச்சுக்கிட்ட ஒரு அப்டேட்டோட எடை மூணரையிலிருந்து ஆறு ஜிபி.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கதையத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். இடம், எங்க ஊர் தூத்துக்குடி.

தூத்துக்குடின்னு சொன்னா சென்னை நண்பர்கள், அதுவும் ஐடில இருக்குறவங்க, ஒரு கேள்வி கேப்பாங்க. "உங்க ஊர்லதான் கடலடி கேபிளே கரையேறுதே, நெட் பறக்கணுமே?" கேபிள் கரையேறுறது உண்மை. பாரத் லங்கா கேபிள்னு பேர். பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது, 2006ல வந்தது. இங்க தூத்துக்குடி, அந்தப் பக்கம் கொழும்பை ஒட்டின கல்கிசை, நடுவுல மன்னார் வளைகுடாவுக்கு அடியில சுமார் 320 கிலோமீட்டர். நம்ம தாத்தா காலத்துல முத்துக்குளிச்ச அதே கடல்தான்.

ஆனா அந்தக் கேபிள் போறது கொழும்புக்கு மட்டும். நாம பார்க்குற பாட்டும் படமும் கொழும்புல இல்ல. தூத்துக்குடி வீட்டுல ஒருத்தர் யூடியூப் திறந்தா, அந்த டேட்டா சென்னை, மும்பைன்னு தரை வழியாத்தான் வந்துசேரணும். 1914க்கு முன்னாடி மெட்ராஸ்ல இருந்து கிளம்புற போட் மெயில் தூத்துக்குடி வரைக்கும் வரும், பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறிக் கொழும்பு போவாங்க. அதனால ஊருக்குள்ள போக்குவரத்து வசதி பெருகிடுச்சான்னா, இல்ல. ஜட்கா வண்டிதான். கேபிள் கதையும் அப்படித்தான்.

நெட் மெதுவாகுற இடம் கடல் இல்ல. தெருமுனையில நிக்குற அந்தச் சாம்பல் கலர் பெட்டிக்கும் உங்க வீட்டுச் சுவருக்கும் நடுவுல இருக்குற காப்பர் கம்பி. ஏடிஎஸ்எல்ங்குற தொழில்நுட்பம் பழைய டெலிபோன் லைன் மேலயே ஏறி வந்தது. எக்ஸ்சேஞ்சில இருந்து தூரம் கூடக்கூட சிக்னல் தேயும். ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கொஞ்சம் போகும். எங்க ஊர்ல உப்பளம் இருக்கு, வருஷத்துல பாதி நாள் கடல் காத்து இருக்கு. திறந்து கிடக்குற ஜாயிண்ட்ல பச்சை பூக்க எத்தனை நாள் ஆகும்? மழை வந்தா போன்ல கரகரன்னு சத்தம், நெட் லைட் மினுக் மினுக்குன்னு அடிக்கும். லைன்மேன் வந்து ஜாயிண்ட்டைச் சுரண்டித் திரும்ப முறுக்கிட்டுப் போவார். ரெண்டு மாசம் தாங்கும்.

இதுல ஒரு விஷயம் எனக்கு எப்பவும் உறுத்தும். டெலிபோன் கேபிளுக்குள்ள ஈரம் புகாம இருக்க ஜெல்லி மாதிரி ஒரு பொருளை நிரப்புவாங்க. 1980கள்ல அந்த மாதிரி காப்பர் கேபிள் தயாரிச்சு வளர்ந்த கம்பெனிகள்ல ஒண்ணு ஸ்டெர்லைட். அந்தத் தொழிலுக்குக் காப்பர் வேணும்னுதான் காப்பர் உருக்குற பக்கம் போனாங்க. முதல்ல மகாராஷ்டிராவுல ரத்னகிரி. அங்க மக்கள் எதிர்த்தாங்க. அப்புறம் ஆலை வந்த ஊர் தூத்துக்குடி. இதைப் பின்னாடி திரும்ப எடுக்குறேன், ஞாபகம் வச்சுக்கோங்க.

2004ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை அறிவிச்சது. பிராட்பேண்ட்னா குறைஞ்சது 256 கேபிபிஎஸ். நொடிக்கு 32 கேபி. விளம்பரத்துல பிட்ல எழுதுவாங்க, நம்ம பைல் பைட்ல இருக்கும், அந்த எட்டு மடங்கு வித்தியாசம் தெரியாம எத்தனையோ அப்பாக்கள் கஸ்டமர் கேரோட சண்டை போட்டிருக்காங்க. "வரை" அப்படிங்குற சொல் தமிழ்ல ரொம்பச் சின்னது. "2 எம்பிபிஎஸ் வரை"ன்னு போட்டா அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்.

எப்படிச் சமாளிச்சாங்க? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

2005ல பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. கொஞ்ச நாள்ல அதுல ஹோம் 500ன்னு ஒரு பிளான் பிரபலமாச்சு. மாசத்துக்கு இத்தனை ஜிபின்னு அளவு உண்டு. ஆனா ராத்திரி 2 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்குல வராது. அந்த ஆறு மணி நேரத்தைச் சுத்தி ஒரு வாழ்க்கையே இருந்தது. டவுன்லோட் மேனேஜர்ல 2:05க்கு ஆரம்பிச்சு 7:55க்கு நிறுத்துற மாதிரி ஷெட்யூல் போடுவோம். சரியா 2 மணிக்குன்னு போட மாட்டோம், ஏன்னா நம்ம கடிகாரமும் அவங்க சர்வர் கடிகாரமும் ஒத்துப்போகாட்டி அந்த ரெண்டு நிமிஷம் பில்லுல ஏறிடும். 256ல ஆறு மணி நேரம் ஓடினா வர்றது 675 எம்பி. ஒரு சிடி அளவுக்குக்கூட 25 எம்பி குறையும். நடுவுல கரண்ட் போகாம இருந்தா.

முத்துக்குளிப்பும் நினைச்ச நாள்ல நடந்ததில்ல. அரசாங்கம் ஆளை இறக்கி, பார்ல இருந்து சிப்பி எடுத்துப் பார்த்து, இந்த வருஷம் குளிக்கலாம்னு நாள் குறிக்கணும். பல வருஷம் நாளே குறிக்க மாட்டாங்க. குறிச்சா அந்தச் சில வாரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். எடுக்குற சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. கடைசியா தூத்துக்குடியில பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. ராத்திரி 2 மணிக்கு மானிட்டர் வெளிச்சத்துல உட்கார்ந்திருந்த பையன்கள், அவங்களும் யாரோ குறிச்சுக் கொடுத்த நேரத்துல இறங்கினவங்கதான்.

நெட்டே வேண்டாம்னு போனவங்களும் உண்டு. டிஜிட் பத்திரிகையோட டிவிடி வரும், அதுல சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கும். 2005ல இருந்து 2011 வரைக்கும் உபுண்டு லினக்ஸ் சிடியை, கேட்டா தபால்ல இலவசமா வீட்டுக்கே அனுப்புவாங்க. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தபால்காரர் பையில வந்த காலம்! வேகமா? வாரக்கணக்குல ஆகும். ஆனா எப்போ போடணும், போடணுமா வேண்டாமான்னு நாம முடிவு பண்ணலாம். சிடி தானா எழுந்து வந்து டிரைவ்ல உட்காராது.

2015ல அது நடந்தது.

அந்த வருஷம் ஜூன்ல விண்டோஸ் 7, 8.1 வச்சிருந்தவங்க திரையோட வலது மூலையில ஒரு சின்ன ஐகான் முளைச்சது. விண்டோஸ் 10 இலவசம், வாங்கிக்கோங்க. ஜூலை 29ல விண்டோஸ் 10 வெளியாச்சு. செப்டம்பர்ல மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டது: கேட்காதவங்க கம்ப்யூட்டர்லயும் பைல்களை முன்கூட்டியே இறக்கி வைக்கிறோம்னு. மூணரை ஜிபி, 512 கேபிபிஎஸ் லைன். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 16 மணி நேரம். அந்த 16 மணி நேரமும் வீட்டுல வேற யாருக்கும் நெட் இல்ல. ஏன் இல்லன்னும் தெரியாது. லைன்மேனுக்குப் போன் போகும், அவர் வந்து பாவம் ஜாயிண்ட்டைச் சுரண்டுவார்.

2016 மே மாசம் இன்னும் மோசம். அப்கிரேட் பெட்டியில இருக்குற சிவப்பு X, அதாவது இருபது வருஷமா "வேண்டாம், மூடு"ன்னு அர்த்தம் வச்சிருந்த அந்த X, அதை அழுத்தினா "சரி, குறிச்ச நேரத்துல போடு"ன்னு அர்த்தம் ஆச்சு. கலிபோர்னியாவுல டிராவல் ஏஜென்சி நடத்தின டெரி கோல்ட்ஸ்டைன், அப்கிரேட்ல தன் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினாங்க. அந்த வருஷக் கடைசியில மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்டிங் தலைவர் கிறிஸ் காபோசெலாவே அந்த X விஷயத்துல எல்லை மீறிட்டோம்னு பேட்டியில சொன்னார்.

விண்டோஸ் 10 உள்ள வந்த பிறகும் ரெண்டு தொல்லை. ஒண்ணு, இறக்கின அப்டேட்டை உங்க கம்ப்யூட்டர் இன்டர்நெட்ல இருக்குற ஊர்பேர் தெரியாத ஆட்களுக்கும் பகிர்ந்து அனுப்பும், அதுதான் முதல்லயே வச்சிருந்த செட்டிங். ஏடிஎஸ்எல்ல அப்லோட் வேகம் டவுன்லோடைவிட ரொம்பக் கம்மி. அந்த ஒத்தையடிப் பாதையில லாரி விட்ட மாதிரி. ரெண்டாவது, "இது அளந்து காசு வாங்குற கனெக்‌ஷன், அப்டேட் இறக்காதே"ன்னு சொல்ற மீட்டர்டு செட்டிங் வைஃபைக்கு மட்டும்தான் இருந்தது. மோடம்ல இருந்து நேரா லேன் வயர் இழுத்திருந்தவங்களுக்கு அந்தப் பொத்தான் 2017ல தான் வந்தது. ஹோம் எடிஷன்காரங்களுக்கு அப்டேட்டைத் தள்ளிப்போடுற பொத்தான் 2019ல.

தமிழுக்கு ஒரு தனி அடி. விண்டோஸ் 2000ல இருந்து கூட வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10ஐப் புதுசாப் போட்டா இருக்காது. தனியா இறக்கிக்கணும். லதாவுல டைப் பண்ணின கல்யாணப் பத்திரிகையைப் புது மெஷின்ல திறந்தா வரி எல்லாம் இடம் மாறி நிக்கும்.

அதனால ஊர் ஊரா, கடை கடையா, சர்வீஸ் பண்ற பையன்கள் முதல் வேலையா அப்டேட் சர்வீஸை அணைச்சுக் கொடுத்தாங்க. அதை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். மெதுவான லைன் வச்சிருக்குறவனுக்கு அதுதான் நியாயமான முடிவு. ஆனா விலை இருந்தது. 2017 மார்ச் 14ல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைச்சு அப்டேட் விட்டது. மே 12ல வான்னாக்ரை அதே ஓட்டை வழியா உலகம் முழுக்கப் புகுந்தது. ஆந்திராவுல போலீஸ் கம்ப்யூட்டர்கள்கூட மாட்டின. மாட்டினவங்க எல்லாம் அந்த அப்டேட் போடாதவங்க.

ஆறு வாரம் கழிச்சு, ஜூன் 27, நாட்பெட்யா. துறைமுக ஊர்க்காரனா எனக்கு இது மறக்காது. உக்ரைன்ல எம்.இ.டாக்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர். அதோட அப்டேட் சர்வருக்குள்ள புகுந்து, அப்டேட்டுக்குள்ளேயே விஷத்தை வச்சு அனுப்பிட்டாங்க. ஒழுங்கா அப்டேட் போட்டவங்க வழியாத்தான் அது உள்ள வந்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி படுத்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க நடத்துற டெர்மினல்ல வேலை நின்னு லாரிகள் வரிசை கட்டின. 45,000 கம்ப்யூட்டரை மெர்ஸ்க் பத்து நாள்ல திரும்ப நிறுவ வேண்டியதாச்சு. அப்டேட் போடாதவனுக்கும் அடி, போட்டவனுக்கும் அடி, ஒரே வருஷத்துல.

விண்டோஸ் 10க்கு இப்போ வயசாயிடுச்சு. 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0 சிப் வேணும், பழைய மெஷின்கள் பலதுல அது இல்ல. பத்து வருஷம் முன்னாடி வேண்டாம் வேண்டாம்னவங்க வீட்டுக்குள்ள தானா வந்தது, இப்போ வேணும்னு கேட்டாலும் வராது.

முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன காப்பர் கதைக்கு வர்றேன். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தோட நூறாவது நாள். துப்பாக்கிச் சூடு. 13 பேர் உயிர் போச்சு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் இன்டர்நெட்டை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு ஆணை போட்டது. வதந்தி பரவாம இருக்கன்னு காரணம் சொன்னாங்க. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மத்த ரெண்டு மாவட்டத்துக்கும் எதுக்குன்னு கேட்டது, அங்க முன்னாடியே திரும்ப வந்தது. தூத்துக்குடிக்கு 27ஆம் தேதி வரைக்கும் இல்ல. ஊருக்குள்ள ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க, யார் வீடு திரும்பலன்னு தேட வேண்டிய நாட்கள் அவை. நொடிக்கு 32 கேபி இருந்திருந்தாக்கூட போதும்.

2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்குல, இப்படி நிறுத்துற ஆணைகளை வெளியிட்டே ஆகணும், பாதிக்கப்பட்டவங்க எதிர்த்துக் கேட்க வழி இருக்கணும்னு சொன்னது.

2018ல தான் பொறியியல் கலந்தாய்வு முதல் தடவையா ஆன்லைனுக்கு மாறியிருந்தது. மே மாசம் பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க விண்ணப்பம் போடுற மாசம், கடைசித் தேதி 30. நெட் திரும்ப வந்தப்போ தூத்துக்குடிப் பிள்ளைங்களுக்கு மூணு நாள்தான் மிச்சம் இருந்தது. அப்புறம் கடைசித் தேதியை ஜூன் 2க்குத் தள்ளி வச்சாங்க.