முள்ளும் சேலையும்

முள்ளின்மேல் சேலை பட்டாலும், சேலையின்மேல் முள் பட்டாலும் கிழிவது சேலையே என்று நம்மவர் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகின்றனர். கிழிந்த சேலையைப் பழிப்போர் பலர். முள்ளை விசாரிப்போர் எத்தனை பேர்? பெர்மாஸ் ஜெயா போன்ற நகரங்களில் இன்று வாழும் தமிழரிற் பலர் தோட்டத்து மக்களின் வழித்தோன்றல்களாதலின், தோட்டச் சரித்திரத்தைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

பீஜித் தீவின் தோட்டமொன்றில் ஒப்பந்தக் கூலியாயிருந்த குந்தி என்னும் பெண்ணைத் தனியிடத்தில் களையெடுக்க அனுப்பி, வெள்ளை ஓவர்சியர் பலாத்காரம் செய்ய முற்பட்டான். அவள் ஆற்றிற் குதித்துத் தப்பினாள். 1913-ல் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' பத்திரிகை அவள் வாக்குமூலத்தை வெளியிட்டது. காலனி அதிகாரிகளோ அதனைப் பொய்யெனத் தள்ளினர். தோட்டங்களில் நிகழ்ந்த கொலைக்கும் தற்கொலைக்குங்கூடக் கூலிப் பெண்களின் ஒழுக்கக் கேட்டையே காரணமாக்கினர். 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்று கணக்கிட்டுக் கப்பலேற்றிய முறையின் குற்றம் பெண்ணின் தலையிற் சுமத்தப்பட்டது! விசாரித்தோரும் தீர்ப்புரைத்தோரும் ஆடவரே என்பதை மறத்தலாகாது.

மாதர் நோக்கு வேறாயிருந்தது. 1917-ல் இந்திய மாதர் தூதுக்குழு வைஸிராயைக் கண்டு அம்முறையை ஒழிக்க வேண்டிற்று. 1918-ல் ஆஸ்திரேலிய மாதர் சங்கங்களின் சார்பில் பீஜி சென்ற புளோரன்ஸ் கார்னம் அம்மையார், கூலி லயங்களின் வாழ்நிலையைக் கண்டித்தெழுதினார். 1920-ல் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அப்படியாயின் ஆண்மக்களுக்கு நீதி விளங்காதோ? விளங்கும். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு, மேலதிகாரிகள் தம் பெண்டிரைத் துன்புறுத்துவது நிற்கவேண்டுமென்றுங் கோரினர். அன்று எவரும் பெண்ணின் நடத்தையை ஆராயவில்லை, அதிகாரத்தையே குற்றவாளியாக்கினர். துரை குற்றவாளியானால் தெளிவாய்த் தெரியும் உண்மை, உறவினனோ ஊர்ப் பெரியவனோ குற்றவாளியானால் மறைந்துபோவதேன்? அங்கே நமது ஆண்மையின் கௌரவமே கூண்டிலேறுகின்றது. அதனைக் காக்கவே பெண்ணைப் பழிக்கின்றோம்.

தாய்மாரும் சில வேளை இப்பழியில் பங்கு கொள்கின்றனர். "அவள் அடக்கமாயிருந்தால் இது நேருமா?" என்பதில், என் மகளுக்கு நேராதென்னும் பொய்யான ஆறுதல் ஒளிந்துள்ளது.

பலாத்கார வழக்கில் பெண்ணின் பழைய உறவுகளைக் கிளறுவதற்கு 1989-ல் மலேசியச் சாட்சியச் சட்டம் வரம்பு விதித்தது. நீதிமன்றத்திற்கு வந்த வரம்பு, நம் வீட்டுத் திண்ணைக்கு வரவேண்டாமா? சேலையைப் பார்ப்பது போதும். இனி முள்ளைப் பார்ப்போம்.