அக்னிபத்: ராணுவம் நினைத்தது என்ன? அரசு முடிவெடுத்தது என்ன? போராட்டத்தால் மாறியது எது?

2022 ஜூன் 14 அன்று முப்படைத் தளபதிகளுடன் செய்தியாளர்களைச் சந்தித்த பாதுகாப்புத்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், அக்னிபத் திட்டத்தை அறிவித்தார். 4 ஆண்டு பணி. அதன்பிறகு அதிகபட்சம் 25% பேர்தான் படையில் தொடர முடியும். மற்றவர்களுக்கு வட்டியுடன் சுமார் ரூ.11.71 லட்சம் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது.

முடிவு எடுத்தது யார்?

பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. தளபதிகள் இதில் உறுப்பினர்கள் இல்லை. ஆலோசனை சொல்லலாம், கடைசி முடிவு மக்கள் தேர்ந்தெடுத்த அரசுடையது. இந்தத் திட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் தனி மசோதா எதுவும் வரவில்லை.

ராணுவம் என்ன நினைத்தது?

முன்னாள் தளபதி நரவணே எழுதிய நூலின் சில பகுதிகள் 2023 டிசம்பரில் செய்தியாக வெளியாகின. ராணுவம் முதலில் யோசித்தது சிறிய அளவிலான திட்டம்தான் என்றும், 75% பேரைத் தக்கவைப்பதே அதன் எண்ணம் என்றும் அதில் இருந்தது. கடைசியில் கணக்கு தலைகீழானது.

இளைஞர்கள் கொதித்தது ஏன்?

கொரோனாவால் தரைப்படை ஆட்சேர்ப்பு 2 ஆண்டுகள் தடைபட்டிருந்தது. உடற்தகுதித் தேர்வில் பாஸாகி எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்களின் கனவும் ஒரே அறிவிப்பில் கலைந்தது. பீகாரில் ரயில்கள் எரிந்தன. செகந்திராபாத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

அரசு இறங்கி வந்ததா?

ஓரளவுக்கு. 2 நாளில், அந்த ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பு 21-லிருந்து 23 ஆனது. துணை ராணுவப் படைகளில் 10% இடஒதுக்கீடும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 4 ஆண்டு, 25% என்ற அடிப்படையில் அரசு கை வைக்கவில்லை.

நீதிமன்றம், தேர்தல்?

2023 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. அதை எதிர்த்த மனுக்களை ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திட்டத்தை ரத்து செய்வோம் என்று காங்கிரஸ் வாக்குறுதி தந்தது. தேர்தல் முடிந்ததும், பாஜகவின் கூட்டணிக் கட்சியான ஐக்கிய ஜனதா தளமே மறுபரிசீலனை கேட்டது.

சரி, இதில் புரிவது என்ன?

தெருவில் எழுந்த கோபம் சலுகைகளை வாங்கித் தந்தது. திட்டத்தின் அடிப்படையை அசைக்கவில்லை. உண்மையான சோதனை இனிமேல்தான். முதல் பேட்ச் வீரர்களின் 4 ஆண்டு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. வெளியே வரும் 75% பேருக்கு வேலை கிடைக்கிறதா என்பதை ஊரே பார்க்கும். அடுத்த மாற்றத்துக்கான அழுத்தமும் அங்கிருந்துதான் வரும்.