கட்டிப் பார்... காத்துப் பார்!



கடைசி வருஷம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மெஸ்ஸில், ஹாஸ்டல் வராந்தாவில், டீக்கடையில், யாரைப் பார்த்தாலும், "என்னடா, ப்ராஜெக்ட் முடிஞ்சுதா?" முடிந்தது. பைண்ட் பண்ணினோம், வைவா முடித்தோம், ஊருக்குப் போய்விட்டோம். நாங்கள் செய்து வைத்த மாடல் அதற்குப் பிறகு எந்த மூலைக்குப் போனது என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை.

வேலையில் சேர்ந்ததும் என்னை மெயின்டனன்ஸ் பிரிவில் போட்டார்கள். அங்கே "முடிஞ்சுதா?" என்ற கேள்விக்கே இடமில்லை. பம்புக்கு கிரீஸ் வைக்கிற வேலை என்றைக்கு முடியும்? ப்ராஜெக்ட் என்றால் திட்டம். தொடக்கமும் முடிவும் உண்டு. ப்ராசஸ் என்றால் தொடர்பணி; ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. கேட்பதற்கு எளிது. ஆனால் இதை எனக்கு உண்மையில் புரிய வைத்தது நம் பாம்பன் ரயில் பாலத்தின் வரலாறு.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இந்த வழிக்காக 1911-ல் பாம்பன் கடலில் பாலம் கட்டத் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம். நடுவில் கப்பல்களுக்கு வழிவிட இரண்டு கைகளைப் போல மேலே தூக்கிக்கொள்ளும் ஷெர்ஸர் தூக்குப் பகுதி. அதைத் தூக்கியது மோட்டார் இல்லை. ஊழியர்கள் கையாலேயே பல்சக்கரத்தைச் சுற்றித் திறந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் முடிந்த அருமையான ப்ராஜெக்ட்!

அப்புறம் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்று கடலோடு போனது. அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் தப்பி நின்றது.

சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 32. ஏறக்குறைய இன்று என் செட்டில் இருப்பவர்கள் வயது! கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி மீட்டு, மறுபடி ஏற்றி, 46 நாளில் ரயிலை ஓட வைத்தார். ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று அவர் புகழ் வளர்ந்ததை நாம் அறிவோம். அந்தப் புகழ் முற்றிலும் தகும்.

ஆனால் நண்பர்களே, கணக்கைப் பாருங்கள். அந்த 46 நாள் முடிந்தது 1965-ல். அந்தப் பாலத்தில் கடைசியாகப் பயணிகள் ரயில் ஓடியது 2022 டிசம்பரில். நடுவில் ஐம்பத்தேழு வருஷத்துக்கும் மேல்! அத்தனை வருஷம் பாலத்தை நிறுத்தி வைத்தது யார்?

பாம்பன் காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும். பெயிண்டில் ஊசி முனை அளவு ஓட்டை போதும், துரு உள்ளே புகுந்து பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். அதற்கு ஒரே வைத்தியம்: சுரண்டு, துடை, ப்ரைமர் அடி, பெயிண்ட் அடி. மறுபடி முதலிலிருந்து. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் சிக்னல் ஏற்பாடும் உண்டு. அதையும் யாரோ தினமும் சரிபார்க்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் கடலுக்கு மேலே நின்று இதைச் செய்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. எந்தக் கல்வெட்டும் அவர்களுக்கு இல்லை. ஏனென்றால் அவர்கள் வேலைக்குத் திறப்பு விழா இல்லை.

ப்ராசஸ்தான் உசத்தி, ப்ராஜெக்ட் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 2007-ல் இதே பாலத்தை வலுப்படுத்தி அகலப்பாதை ஆக்கியது ஒரு ப்ராஜெக்ட். கடைசியில் அரிப்பு தூக்குப் பகுதியைப் பலவீனப்படுத்தியபோது, பெயிண்ட் டப்பா போதவில்லை. புதுப் பாலமே வேண்டியிருந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலேறும் அந்தப் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் பெயிண்ட் பல ஆண்டு தாங்கும் என்கிறார்கள். தாங்கட்டும். ஆனால் அதே கடல், அதே உப்பு! திறப்பு விழா அன்று ப்ராஜெக்ட் முடிந்தது. மறுநாள் காலை ப்ராசஸ் தொடங்கியது.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். கட்டின வீட்டை முப்பது வருஷம் ஒழுகாமல் வைத்துப் பார் என்று ஏனோ சொல்லவில்லை!

சரி, இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன்? ஒரு குற்ற உணர்ச்சிதான் காரணம். எங்கள் செட் பத்தாம் வருஷச் சந்திப்பில் பணம் சேர்த்து ஹாஸ்டலுக்கு ஒரு குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டோம். போன வருஷம் ஹாஸ்டலுக்குப் போனேன். எங்கள் செட் பெயர் போட்ட பலகை பளபளவென்று இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்ற தம்பி, "அது ஓடாதுண்ணே, ஃபில்டர் போயி ரொம்ப நாளாச்சு" என்றான்.

ஃபில்டரை யார் மாற்றுவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று வாங்கின அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் நான். பம்புக்கு கிரீஸ் வைத்துச் சம்பளம் வாங்குகிறவன்!

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை சேரும் நன்கொடையில் ஒரு பகுதியைப் புதிதாக எதுவும் வாங்காமல், ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தவற்றைப் பராமரிக்க வங்கியில் போட்டு வைப்போம். செட்டுக்கு ஒருவர் வருஷம் ஒருமுறை வந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட்டோ வேண்டாம். எங்கள் செட்டுக்கு முதல் கையெழுத்து என்னுடையது. புது ஃபில்டரைப் பையில் எடுத்துக்கொண்டுதான் சந்திப்புக்கு வருகிறேன். மாட்டுவதற்கு இரண்டு தம்பிகள் ஸ்பேனரோடு வந்தால் நல்லது.