ஏட்டிலிருந்து திரைக்கு: தமிழ் இலக்கியக் கல்வியில் கருவியும் ஆசிரியரும்

முன்னுரை

இலக்கியம் கற்பிப்பதற்கும், எழுதக் கற்பிப்பதற்கும் கணினியும் இணையமும் இந்நாளில் எங்கும் பயன்படுத்தப்படுகின்றன. இதனைக் குறித்து நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. நூலெல்லாம் திரையில் கிடைப்பதால் ஆசிரியரின் வேலை குறைந்துவிட்டது என்று மகிழ்வோர் ஒரு சாரார். கையெழுத்தும் மனப்பாடமும் போய்விட்டன, இனிக் கல்வியே இல்லை என்று வருந்துவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் இத்தகைய மாற்றம் இப்போதுதான் முதன்முறையாக நேர்ந்திருப்பதாக எண்ணுகின்றனர். ஆனால் தமிழ்க் கல்வி இதற்கு முன்னும் இவ்வாறான திருப்பங்களைக் கண்டிருக்கிறது. ஓலை, மணல், அச்சு, கணினி என்னும் கருவிகள் ஒவ்வொன்றும் ஆசிரியர் செய்துவந்த பணியில் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. மற்றொரு பகுதியை அவரிடமே விட்டுவைத்தது. ஏற்றுக்கொண்டது எது, விட்டுவைத்தது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மறையுரை எழுதவும் திருமறையை விளக்கவும் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி பயன்படும் என்று நம்புகிறோம்.

1. ஓலையும் மணலும்

பழைய ஓலைச்சுவடி இன்றைய அச்சுநூலைப் போன்றதன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடப்படவில்லை. செய்யுளின் அடிகளும் தனித்தனியே மடக்கி எழுதப்படவில்லை. ஆகவே ஒரு நூலை முன்னமே பாடமாகக் கேட்டறியாதவன் அதன் சுவடியைப் பிரித்துப் படித்தல் அரிதாயிருந்தது. சுவடி நினைவுக்குத் துணையாயிருந்ததேயன்றி ஆசிரியருக்கு மாற்றாக இருக்கவில்லை. பாடத்தை ஓதுவதும், ஓதக் கேட்டுத் திருத்துவதும் ஆசிரியரின் வாயிலும் செவியிலுமே தங்கியிருந்தன.

திண்ணைப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி மணலில் தொடங்கிற்று. மாணவன் விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதனை உரக்கச் சொல்வான். பிழையானால் கையால் தடவி அழித்து மீண்டும் எழுதுவான். செலவற்ற இம்முறையில் திருத்தம் உடனுக்குடன் நிகழ்ந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்க விரும்பியபோது, இவ்வாறு மணலில் எழுதிய பிள்ளைகளின் நடுவே தாமும் அமர்ந்தே தொடங்கினார். 1708ஆம் ஆண்டிற்குள் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றிற்கு ஒரு விளக்க அட்டவணையும் எழுதினார். தமிழ் ஆசிரியர்கள் உடனிருந்து படித்துக் காட்டியிராவிடில் இவ்வளவும் நடந்திராது.

இம்மணல் முறை கடல் கடந்தும் சென்றது. 1789 முதல் 1796 வரை சென்னையில் படைவீரரின் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆங்கிலத் திருச்சபைக் குருவான ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதனைப் புகுத்த முயன்றார். அவருடைய உதவி ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும்படி அமர்த்தினார். அம்முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் லண்டனில் பெல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. அங்குப் பரவியது வெறும் மணல் தட்டு அன்று. அதனோடு, முன்னே கற்றவன் பின்னே வருபவனின் பிழையைப் பக்கத்திலிருந்து திருத்தும் பழக்கமும் பரவிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும் திண்ணைப் பள்ளியை அளவிறந்து புகழ்வது முறையாகாது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. பெண்பிள்ளைகள் அங்குப் பயின்றது மிக அரிது. தரங்கம்பாடியில் 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கப்பட்டதன் சிறப்பு இப்பின்னணியில்தான் விளங்கும்.

2. அச்சு வந்தபின்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' ஆகும். ஆயினும் அச்சு நிலையாக வேரூன்றியது தரங்கம்பாடியில்தான். இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறி அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாயிருந்து காகிதத்தை மிகுதியாக விழுங்கியமையால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது.

அச்சு நூல்களைப் பெருக்கியதோடு நில்லாமல் படிக்கும் முறையையும் மாற்றிற்று. புள்ளிகள் ஒழுங்காக இடப்பட்டன. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவில் காட்டிய வீரமாமுனிவரின் (1680–1747) சீர்திருத்தம் அச்சினால் எங்கும் நிலைபெற்றது. நாளடைவில் சந்தி பிரித்து, சொற்களுக்கிடையே இடம் விட்டு, நிறுத்தக் குறிகளுடன் நூல்கள் வெளிவந்தன. முன்பு ஆசிரியர் வாயினால் பிரித்துக் காட்டியதை இப்போது பக்கமே பிரித்துக் காட்டிற்று. தனியே ஒருவன் அமர்ந்து கண்ணால் படித்தல் எளிதாயிற்று. அச்சு ஆசிரியரிடமிருந்து முதன்முதலாக ஏற்றுக்கொண்ட பணி இதுவே.

திருக்குறள் மூலம் 1812இல் அச்சாயிற்று. 1835இல் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்டதும் தமிழரின் அச்சகங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி (1823–1855) தமிழும் ஆங்கிலமும் அறிவியலும் ஒருங்கே கற்பித்தது. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) பிற்காலத்தில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றைப் பதிப்பித்தார். 1871இல் வெளிவந்த வேதாகமத் திருத்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹென்றி பவர் ஐயர், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே சீவக சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை உரையோடு அச்சிட்டார். வேதாகமத்தைத் திருத்தியவர் சமண காப்பியத்தின் பாடத்தையும் ஆராய்ந்தார் என்பது நம் மாணவர் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் அச்சு ஏற்றுக்கொள்ளாத பணி ஒன்று இருந்தது. எந்தப் பாடம் சரியானது என்று தேர்வதே அது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, அவர் கற்றிருந்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றின் பட்டியலைக் கேட்டபின், இவற்றிற்கு முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றையும் கொடுத்தார். அப்படியில் ஐயங்கள் மலிந்திருந்தன. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், சமண சமய நுட்பங்களை அச்சமயத்தாரிடமே கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. இன்று நாம் சரளமாகப் படிக்கும் ஒவ்வொரு வரியின் பின்னும் இத்தகைய தீர்ப்பொன்று மறைந்திருக்கிறது.

3. கணினியும் இணையமும்

கணினியில் தமிழ் புகுந்தபோது முதலில் நேர்ந்தது குழப்பமே. செய்தித்தாள்களும் நிறுவனங்களும் தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக்களை அமைத்துக்கொண்டன. ஒன்றில் தட்டெழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் தரம் வகுக்கப்பட்டது. உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு முறை பின்னர்ப் பரவியது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. அதன்பின்பே ஒரு பாடலை ஓரிடத்தில் எழுதி உலகின் எவ்விடத்திலும் படிக்கவும் தேடவும் முடிந்தது.

இதற்கிடையில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் இதனை வழிநடத்தினார். பல நாடுகளிலிருந்த தமிழர், ஊதியம் ஏதுமின்றி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழை பார்த்தும் இலவசமாக வெளியிட்டனர். முதலில் வெளிவந்தது திருக்குறள். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரால் பாடங்களையும் நூல்களையும் இணையத்தில் வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, வின்சுலோ ஐயரின் 1862ஆம் ஆண்டு அகராதி, தரங்கம்பாடி மரபில் வந்த பாப்ரிசியஸ் ஐயரின் அகராதி ஆகியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இன்று எவரும் தேடிப் பார்க்கலாம்.

இதன் அருமையை ஈழத்து வரலாறு நமக்கு உணர்த்துகிறது. 1981 மே 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சுவடிகளோடு அழிந்தன. ஒரே படியாய் இருந்தவை மீளவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத் தொகுப்பு ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துப் பாதுகாக்கிறது. ஓலை அழியாதிருக்க நம் முன்னோர் மீண்டும் மீண்டும் படியெடுத்தனர். அதே அறச்செயல் இங்குப் புது வடிவில் நிகழ்கிறது.

4. மீண்டும் எழும் பழைய வினாக்கள்

இணையம் ஆசிரியரிடமிருந்து பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது உண்மையே. நூலைத் தேடித் தருதல், அருஞ்சொல்லுக்குப் பொருள் காட்டுதல், ஒரு சொல் வருமிடமெல்லாம் திரட்டுதல் ஆகியவற்றை நொடியில் செய்கிறது. ஆனால் மூன்று வினாக்களை அது தீர்த்துவைக்கவில்லை.

முதலாவது, எந்தப் பாடம்? திரையில் தோன்றும் மூலத்தில் பதிப்பாசிரியரின் முன்னுரையும், பாட வேறுபாடுகளும், உரையும் பெரும்பாலும் விடுபடுகின்றன. அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் பொறியானது ரகரத்தையும் காலையும் அடிக்கடி மயங்கிக்கொள்கிறது. ஏட்டில் இருந்த மயக்கமே இயந்திரத்தின் வழியாக மீண்டும் வந்திருக்கிறது! ஏட்டைப் படித்தவன் ஐயுற்று ஆசிரியரை வினவினான். திரையைப் படிப்பவனுக்கு ஐயமே எழுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது, யார் கையில்? 2020 மார்ச்சில் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் மாறின. 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் உதவிற்று. எனினும் கைபேசியில்லா வீட்டுப் பிள்ளைகளும், ஒரே கைபேசியை மூவர் பகிர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் பின்தங்கினர். அந்த இடைவெளியை நிரப்ப 2021இல் தமிழ்நாட்டரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, தெருவோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் தன்னார்வலர் பிள்ளைகளோடு நேரில் அமர்ந்து கற்பித்தனர். மூடிய திண்ணை திரையின் வடிவிலும் வரக்கூடும் என்பதைத் திருச்சபையின் கல்வி நிலையங்கள் மறத்தலாகாது.

மூன்றாவது, யார் திருத்துவார்? எழுதக் கற்பது என்பது எழுதி, பிழை காட்டப்பெற்று, மீண்டும் எழுதுவதாகும். மணலில் அது நொடியில் நிகழ்ந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின், வினாவைக் கொடுத்தால் கட்டுரையையே எழுதித் தரும் இயந்திரங்கள் பெருகியுள்ளன. பிழையற்ற எழுத்தைப் பெற இவை உதவலாம். ஆனால் பிழை செய்து அதனைத் தானே உணரும் இடத்தை மாணவன் இழந்தால், அவன் பெற்றது எழுத்தேயன்றி எழுதும் ஆற்றலன்று. மறையுரையை எழுதுபவருக்கு இது இன்னும் கூர்மையான வினாவாகிறது. துயருற்ற ஒரு குடும்பத்தின் முன் நின்று பேசவேண்டியவர், தாம் தேடிக் கண்டடையாத சொற்களை எவ்வாறு தம் சொற்களாகப் பேசுவார்?

5. வகுப்பறைக்குச் சில வழிகள்

அஞ்சி விலகுதலும், ஆராயாது ஏற்றலும் பயன் தரா. வரலாறு காட்டும் சில வழிகளை மட்டும் ஈண்டுக் குறிப்போம்.

ஒரு புறநானூற்றுப் பாடலை மதுரைத் திட்டத்தின் மூலத்திலும், சாமிநாதையர் பதிப்பிலும் ஒப்பிட்டு, வேறுபாடுகளை மாணவர் பட்டியலிடட்டும். ஒரு சொல்லை வின்சுலோவிலும் தமிழ்ப் பேரகராதியிலும் தேடி, அதன் பொருள் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதட்டும். அவ்வாறே, 1871ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் பிற்கால மொழிபெயர்ப்பொன்றிலும் திருமறைப் பகுதி ஒன்றை அருகருகே வைத்து, சொற்கள் ஏன் மாறின என்று ஆராயட்டும். முன்பு பெரிய நூலகங்கள் அருகிலிருந்தோர்க்கே இயன்ற இப்பயிற்சிகள் இன்று சிற்றூர்ப் போதகருக்கும் எட்டும் தொலைவில் உள்ளன.

எழுத்துப் பயிற்சியிலோ, முதல் வரைவை மாணவர் வகுப்பிலேயே தம் கையால் எழுதுதல் நலம். பின் அதனை உரக்கப் படித்தல் வேண்டும். உடன் பயில்வோர் கேட்டுத் திருத்த வேண்டும். கணினியை அதன்பின் அழைக்கலாம்.

முடிவுரை

ஓலை நினைவைக் காத்தது. அச்சு பாடத்தைப் பிரித்துக் காட்டிப் பலர்க்கும் பரப்பியது. இணையம் நூலகத்தையே வீட்டிற்குக் கொண்டுவந்தது. இவையனைத்தும் நன்மைகளே, இவற்றிற்காக உழைத்தோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் தேர்ந்து தெளிதல், விடுபட்டவரைத் தேடுதல், அருகிருந்து திருத்துதல் என்னும் மூன்றையும் இக்கருவிகளுள் எதுவும் இந்நாள்வரை தன்மேல் முழுவதும் ஏற்றுக்கொண்டதில்லை. அவை இன்னும் ஆசிரியரிடமே உள்ளன. அவற்றை நாமே கைவிட்டால், அக்குறையைக் கருவியின்மேல் சுமத்துதல் நியாயமாகாது.