கண்டியின் கடைசி அரசனை ஏற்றிச் சென்ற கப்பல்

கண்டி கடல் இல்லாத நகரம். கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 70 மைல் தொலைவில், மலைகளின் நடுவே ஒரு கிண்ணம்போல் அது அமைந்திருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரங்களைக் கைப்பற்றிய பின்னரும் கண்டி இராச்சியம் நிலைத்து நின்றமைக்கு அந்த மலைகளே அரண். 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையோடு இலங்கையின் கரையோரம் முழுவதும் கண்டி மன்னரின் கையைவிட்டுப் போயிற்று. அத்தகைய இராச்சியத்தின் வரலாறு ஒரு கப்பலில் முடிவுற்றது.

1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி மெதமகாநுவரைப் பகுதியில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கொழும்பில் ஏறத்தாழ ஓராண்டு காவலில் இருந்தபின், 1816 ஜனவரி 24ஆந் திகதி அரசன் கப்பலேற்றப்பட்டான். நமது பாடநூல்கள் இதனை ஒரே வரியில் முடித்துவிடும்: "ஆங்கிலேயர் அரசனை வேலூருக்கு நாடுகடத்தினர்." எந்தக் கப்பல், அதனைக் கட்டியவர் யார், அதற்குள் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்பார் இல்லை. இக்கேள்விகளுக்கு விடை உண்டு.

கப்பலின் பெயர் கோர்ன்வாலிஸ். பிரித்தானிய அரச கடற்படையின் 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல். பலர் எண்ணுவதுபோல் அது இங்கிலாந்தில் கட்டப்பட்டதன்று. பம்பாய்த் துறையில், ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைக் கட்டுநரின் கண்காணிப்பில் உருவாகி, 1813இல் நீரில் இறக்கப்பட்டது. நெப்போலியனுடனான போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரம் அருகிப்போன காலம் அது. பம்பாயில் மலபார்க் காடுகளின் தேக்கு கிடைத்தது. தேக்கு எளிதில் உளுத்துப்போகாது. அதிலுள்ள எண்ணெய்ப் பசை இரும்பு ஆணிகளையும் காக்கும். ஓக் மரமோ ஆணிகளை அரித்துவிடும். நீருக்குள் அமிழும் பகுதியில், மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுப்பதற்குச் செப்புத் தகடு வேய்வது அக்கால வழக்கம். ஆக, ஆசியாவின் ஓர் அரசனை நாடுகடத்திய கப்பல், ஆசியக் காட்டு மரத்தில் ஆசியத் தச்சர்கள் இழைத்த கப்பலே.

74 பீரங்கிக் கப்பல் என்பது ஏறத்தாழ 600 பேர் வாழ்ந்த ஒரு மரக் கிராமம். அதன் பீரங்கித் தளத்தின் நீளம் 176 அடி. அகலம் 47 அடிக்குச் சற்று மேல். கண்டிப் பிரதானி ஒருவரின் வளவு அதைவிட விசாலமாக இருந்திருக்கக்கூடும். மாலுமிகள் கீழ்ப் பீரங்கித் தளத்தில், பீரங்கிகளுக்கு மேலே உத்தரங்களில் கட்டிய தொங்கு படுக்கைகளில் உறங்கினர். விதிப்படி ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவல் பணியில் மேலே நிற்பதால், உறங்குவோருக்கு அதன் இருமடங்கு கிடைக்கும். கடல் கொந்தளித்தால் பீரங்கிச் சாளரங்களை அடைத்துவிடுவார்கள். காற்றும் வெளிச்சமும் நின்றுபோகும். அதற்கும் கீழே, நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த தளத்தில், பயிலுநர்களின் இருப்பிடமும் சத்திரசிகிச்சை நடக்கும் இடமும்.

கப்பலின் பிற்பகுதி வேறோர் உலகம். வரிசையாகக் கண்ணாடிச் சாளரங்கள், வெளிச்சம், காற்று; அங்கே தளபதியும் அதிகாரிகளும் வாழ்ந்தனர். ஆனால் அந்த அறைகளும் நிலையானவை அல்ல. போர் மூண்டால் தடுப்புப் பலகைகளைக் கழற்றி அகற்றிவிட்டு, அவ்விடத்திலும் பீரங்கிகளை இயக்குவார்கள். தேவைக்கேற்பப் பலகைகளாலும் கித்தான் துணியாலும் அறைகளைப் பிரிக்க இயலும். அரசியர், உறவினர், ஏவலாளர் எனப் பெருங் கூட்டத்தோடு வந்த ஓர் அரசனை ஏற்றுவதற்கு அந்த வசதி உதவியது. அரச குடும்பத்துக்கான இடவசதி தாராளமாக அமைந்திருந்ததாக அன்றைய ஆங்கிலேயர் பதிந்து வைத்தனர். அந்தத் தாராளம் யாருக்கு எவ்வாறு தோன்றியது என்பதை அரசியருள் எவரும் எழுதி வைக்கவில்லை. அந்தப்புரத்தின் மறைவில் வாழ்ந்த பெண்கள், சில பலகைகளுக்கு அப்பால் அந்நிய ஆடவர் அறுநூறு பேர் வாழும் கப்பலில் நாட்களைக் கழிக்க நேர்ந்தது.

கொழும்பிலிருந்து சென்னைக்குக் கப்பல் நேரே செல்ல இயலாது. பாக்கு நீரிணையும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளும் அத்தகைய பெருங்கப்பலுக்கு வழிவிடா. தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறவேண்டும். ஜனவரியிலோ வடகீழ்ப் பருவக்காற்று முகத்துக்கு நேரே வீசும். பாய்மரக் கப்பல் காற்றை எதிர்த்து வலமும் இடமுமாக வளைந்து வளைந்தே முன்னேறும். பயணம் ஏறத்தாழ ஒரு மாதம் நீண்டது. தன் முன்னோர் இழந்த கரையோரத்தை வலம் வந்த பின்னரே அரசன் நாட்டை நீங்கினான் எனலாம்.

உடன் சென்ற வில்லியம் கிரான்வில் என்னும் சிவில் அதிகாரி ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்தார். கொடுங்கோலன் என்று ஆட்சியாளர் பறைசாற்றிய மனிதனோடு அருகிருந்து பழகியவரின் சாட்சியம் என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதனை மதிக்கின்றனர். எஹலப்பொல குடும்பத்துக்கு 1814இல் நேர்ந்த கொடுமையை எவரும் மறைக்க இயலாது. ஆயினும், அந்தக் கொடுமையை முன்னிறுத்தி இராச்சியத்தை விழுங்கியவர்களின் நியாயத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதும் வரலாறு ஆகாது. சிங்களவர் சிலருக்கு அவன் அந்நிய நாயக்கன். தமிழர் சிலருக்கு அவன் தமிழ் மன்னன். தலதா மாளிகையைப் போற்றிய, தமிழகத் தொடர்புடைய, சிங்கள இராச்சியத்தின் அரசனை ஒரே சொல்லுக்குள் அடைக்க முயல்வது, அறுநூறு பேரை ஒரே தளத்தில் அடைப்பதற்கு ஒப்பானது.

அரசன் 1832 ஜனவரி 30ஆந் திகதி வேலூரில் காலமானான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவனது நினைவைத் தாங்கி நிற்கிறது. கப்பலின் ஆயுள் அதைவிட நெடியது. 1842இல் சீனாவின் மீது சுமத்தப்பட்ட நாங்கிங் உடன்படிக்கை கைச்சாத்தானதும் இதே கோர்ன்வாலிசில்தான். ஒரே மேற்றளம் இரண்டு ஆசிய அரசுகளின் தாழ்வைக் கண்டது. 1850களில் அதற்கு நீராவி இயந்திரமும் சுழல்விசிறியும் பொருத்தினர். 1865இல் ஷீர்னெஸ் துறையில் இறங்குதுறை மேடையாக்கினர். 1957இல்தான் அது உடைக்கப்பட்டது. மலபார்த் தேக்கு 144 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

கோர்ன்வாலிஸ் இன்றில்லை. ஆனால் அதே வாடியா, அதே பம்பாயில், 1817இல் நீரில் இறக்கிய சிறிய போர்க்கப்பல் ஒன்று இன்னும் மிதக்கிறது. இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் அது அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் பெயர் திருகோணமலை! பிரித்தானியாவில் வாழும் நம்மவர்கள் ஒருமுறை அதனைக் காணவேண்டும். மாலுமிகளின் தளத்தில் குனிந்து நடந்து, பின்புறத்துத் தளபதி அறையில் நிமிர்ந்து நிற்கும்போது, பாடநூலின் அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை மனிதர் அடங்கியிருந்தனர் என்பது புலப்படும்.