கட்டிக்குள் குடியிருக்கும் கிருமி



பாபநாசத்தில் தாமிரவருணி மலையைவிட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. அதன் படித்துறையில் நீராடினால் பாவம் நீங்கும் என்பது எங்கள் ஊரார் நம்பிக்கை. என் தந்தையாரும் நாள்தோறும் அங்கே நீராடினார். அருகிலிருந்த நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்த அவரை வயிற்றுப் புண் இருபது ஆண்டுகள் வருத்தியது. வேளை தவறிய உணவும், காரமும், முன்கோபமுமே காரணம் என்று வைத்தியர் சொன்னார். தந்தையார் மிளகாயை விட்டார்; கோபத்தையும் பெரும்பாலும் விட்டார். 1979ஆம் ஆண்டில் இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். தம் நோய்க்குத் தம் குணமே காரணம் என்று இறுதிவரை எண்ணியிருந்தார்.

அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் மருத்துவ அறிஞர், ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவை உருப்பெருக்கியில் நோக்கிச் சுருள் வடிவான கிருமிகளைக் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்பதே அன்றைய பாடம். பாரி மார்ஷல் என்ற இளைஞர் அவரோடு சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்றார். பலமுறை தோல்வியே கிட்டியது. இரண்டு நாளில் எதுவும் வளராவிடில் தட்டுக்களை எறிந்துவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட, தட்டுக்கள் ஐந்து நாட்கள் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது! (விடுமுறையின் பயனுக்குத் தலைமையாசிரியனாகிய எனக்குக் கிடைத்த ஒரே சான்று இது.)

அப்பொழுதும் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி கண்டது. இரைப்பையில் அழற்சி தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமி, அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றிய அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. அது விளைவிக்கும் அழற்சி பல பத்தாண்டுகள் நீடித்தால், சிலருக்குப் புற்றாக முடிகிறது. அதைத் தாங்கியவர்களுள் மிகச் சிலருக்கே அவ்வாறு நேரும். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அதனைப் புற்றுக் காரணி என அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

கட்டிக்குள்ளேயே குடியேறும் கிருமிகளும் உண்டு. ஈறு நோயோடு தொடர்புடைய ஃபூசோபாக்டீரியம் பெருங்குடல் கட்டிகளில் மிகுந்திருப்பதை, 2012இல் அமெரிக்கக் குழு ஒன்றும் கனடாக் குழு ஒன்றும் தனித்தனியே வெளியிட்டன. புற்று கல்லீரலுக்குப் பரவியபோது கிருமியும் உடன் சென்றதை 2017இல் கண்டனர். எலிகளுக்கு மெட்ரோனிடசோல் மருந்து தந்தபோது கட்டியின் வளர்ச்சி குன்றியது. நம் நாட்டிலும், நவி மும்பையில் கார்கரிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள், இக்கிருமி மிகுந்த நாக்குப் புற்றுநோயாளர் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று 2022இல் எழுதினர். இதனால் புகையிலை குற்றமற்றதாகிவிடாது. வாய்ப் புற்றுக்கு அதுவே பெரும் பகை.

ஆயினும் வீட்டில் இருப்பவனெல்லாம் வீட்டைக் கொளுத்தியவன் அல்லன். கட்டியில் ஒரு கிருமி இருப்பது வேறு, அக்கட்டியை அது உண்டாக்கியது என்பது வேறு. ஒவ்வொரு வகைப் புற்றுக்கும் தனித்தனிக் கிருமி அடையாளம் உண்டு என்று 2020இல் பெரும் புகழ் பெற்ற ஓர் ஆய்வுக்கட்டுரை, கணக்கிட்ட முறையில் பிழை வெளிப்பட்டதால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

என் தந்தையாரின் இரைப்பையில் அக்கிருமி இருந்ததா என்று எவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவும் இல்லை. எங்கள் தாயார் மட்டும் அதன் பின்னும் பல ஆண்டுகள் குழம்பில் மிளகாய் சேர்க்கத் துணியவில்லை.