தொட்டுப் பேச ஒரு லைன்

போன வாரம் ஊரிலிருக்கும் அம்மாவோட வீடியோவில் பேசிக்கிட்டிருந்தோம். பையன் முகம் தெரிஞ்சதும் அம்மா கை தானா நீண்டு திரையில அவன் கன்னத்தைத் தடவுச்சு. அவன் பாட்டுக்கு பிஸ்கட் தின்னுட்டிருந்தான். குரலும் முகமும் கடல் தாண்டுது, தொடுறது மட்டும் ஏன் தாண்டலை? கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முயற்சி பழசுதான் மக்களே. 1986லேயே நார்மன் வைட், டக் பேக்னு ரெண்டு கனடாக் கலைஞர்கள், டொராண்டோவுக்கும் பாரிசுக்கும் நடுவுல டெலிபோன் லைன் வழியா பஞ்சா போட வெச்சிருக்காங்க! ரெண்டு பக்கமும் மோட்டார் வெச்ச கருவி. இங்க அழுத்தினா அங்க தள்ளும். (முதல்ல அனுப்பத் தோணினதே சண்டைதான் பாருங்க :-))

1997ல எம்.ஐ.டி.யில ஒரு மர உருளைக் கருவி. இங்க உருட்டினா அங்கேயும் உருளணும்னு யோசனை.

பெரிய சங்கதி 29 அக்டோபர் 2002ல. லண்டன்ல ஒருத்தர், பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.யில ஒருத்தர். ஆளுக்கொரு ஃபேண்டம் ரோபோக் கையைப் பிடிச்சுக்கிட்டு, கணினிக்குள்ள இருந்த ஒரே பெட்டியைச் சேர்ந்து தூக்கினாங்க. நடுவுல சுமார் 5,000 கி.மீ.

சிக்கல் எங்கேன்னா, கண்ணை ஏமாத்த நொடிக்கு 25 படம் போதும். விரலுக்கு நொடிக்குச் சுமார் 1,000 தடவை விசையை மாத்திக்கிட்டே இருக்கணும். தகவல் கொஞ்சம் தாமதமா வந்தாலும் பெட்டி நடுங்க ஆரம்பிச்சுடும்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். "தொட்டா சூடு தெரியுமாடா?"ன்னாங்க.

அந்தக் கருவியில விசை மட்டும்தாம்மா.

"அப்போ லீவுக்குப் புள்ளையக் கூட்டிட்டு வா."